பிள்ளை எவ்வளவு கதைத்தது? ஏஐ உதவியாளர் சிறுவரோடு உரையாடும் விதத்தை மதிப்பிடும் முறை

ஓர் ஏஐ உதவியாளர் பிள்ளைகளோடு நன்றாகக் கதைக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னால், பலர் இரண்டு விடயங்களைக் குறித்துக்கொண்டு வருவார்கள். பிள்ளை சிரித்தது. பிள்ளை எழும்பாமல் அரை மணித்தியாலம் இருந்தது. இரண்டையும் நம்பி முடிவெடுக்க முடியாது. கைபேசியில் ஓடும் கார்ட்டூனுக்கு முன்னாலும் பிள்ளை அரை மணித்தியாலம் எழும்பாமல் இருக்கும், ஆனால் அதன் வாயிலிருந்து ஒரு சொல் வராது. உரையாடலை அளப்பதென்றால் பிள்ளையின் பக்கத்தை அளக்க வேண்டும்: பிள்ளை எவ்வளவு சொன்னது, தானாக என்ன கேட்டது, திரையை மூடிய பிறகு எதை எடுத்துக்கொண்டு போனது. மற்றதெல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

இந்த முறை யாழ்ப்பாணத்தில் 5 முதல் 10 வயது வரையான தமிழ்ப் பிள்ளைகளுக்கானது. ஆசிரியர், நூலகர், செயலி செய்யும் இளைஞர் என யாராவது இருவர் சேர்ந்தால் மூன்று கிழமையில் முடிக்கலாம். செயலிக்கு ஒரு கைபேசி, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று, ஒரு கொப்பி, இரண்டு நிறப் பேனை. செலவு அவ்வளவுதான்.

பிள்ளை வருமுன்

முதலில் செயலியின் பாவனை விதிகளை வாசியுங்கள். பொது உரையாடல் செயலிகளில் பல, 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்குத் திறக்க இடம் கொடுப்பதில்லை. சில 18 என்கின்றன. எனவே பிள்ளையின் பெயரில் கணக்குத் திறக்கக் கூடாது. பெரியவர் பக்கத்தில் இருந்தாலும் சிறுவர் பாவிக்கக் கூடாது என்று விதி சொன்னால், பெரியவரே தட்டச்சு செய்யும் மேசைச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலேயே பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

அமைப்புகளில் மூன்றைப் பாருங்கள். உரையாடல்களை மாதிரிக்கு, அதாவது செயலியை இயக்கும் ஏஐ மென்பொருளுக்கு, பயிற்சியளிக்கப் பயன்படுத்தும் அனுமதியை நிறுத்துங்கள். முந்தைய உரையாடல்களை நினைவில் வைக்கும் வசதியை நிறுத்துங்கள். அது இயங்கினால் முதல் பிள்ளை சொன்ன ஆட்டுக்குட்டிக் கதை இரண்டாவது பிள்ளையின் உரையாடலுக்குள் வந்து நிற்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிய உரையாடலைத் திறவுங்கள். செயலியின் பதிப்பையும் திகதியையும் கொப்பியின் முதல் வரியில் எழுதுங்கள். இந்த மாதிரிகள் அறிவிப்பில்லாமல் மாறும். போன மாதத்துப் புள்ளியை இந்த மாதத்துச் செயலிக்குச் சொல்ல முடியாது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவைச் சிறப்பு வகையாக வைக்கிறது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிள்ளையிடமும் வாயால் கேளுங்கள். கொப்பியில் பெயர் வேண்டாம், பி1, பி2 போதும். ஒலிப்பதிவை எழுத்தாக்கியதும் அழித்துவிடுங்கள். பிள்ளையின் பெயர், பாடசாலை, ஊர் எதையும் செயலிக்குள் இடாதீர்கள்.

இடம் முக்கியம். நூலகத்தின் சிறுவர் பகுதியோ சனசமூக நிலையத்தின் ஓர் அறையோ நல்லது. கூரை விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதற்கு நேர் கீழே இருக்காதீர்கள். கைபேசி பிள்ளையின் வாயிலிருந்து 30 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். கோயில் ஒலிபெருக்கி கேட்கும் நேரத்தைத் தவிருங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும், புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் கிழமைகளும் இதற்குப் பொருத்தமற்றவை. முதலாவதில் பிள்ளையின் மனம் வேறெங்கோ இருக்கும். இரண்டாவதில் எதைக் கேட்டாலும் வினாத்தாளுக்கு விடை எழுதுவதுபோல் பதில் சொல்லும்.

மேசைச் சோதனை: எங்கள் பேச்சு விளங்குகிறதா?

பிள்ளையைக் கூப்பிடும் முன் பெரியவர் ஒருவர் இருந்து செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலான மாதிரிகள் வாசித்துப் பழகிய தமிழில் தமிழ்நாட்டு எழுத்தே அதிகம். யாழ்ப்பாணப் பிள்ளையின் சொல் அதற்குள் போனதும் பொருள் மாறிவிடலாம். அப்படி மாறும்போது ஏஐ தடுமாறுவதில்லை; பிழையான பொருளை எடுத்துக்கொண்டு உற்சாகமாகத் தொடரும். பிள்ளைக்கோ எங்கே பிழைத்தது என்று தெரியாது. தான்தான் சரியாகச் சொல்லவில்லை என்று நினைத்துக் கதையைக் குறைத்துக்கொள்ளும்.

கீழுள்ள வசனங்களை எழுத்துக்கூடத் திருத்தாமல் இடுங்கள்:

"ரீச்சர் எனக்குப் பேசிப்போட்டா." இங்கே பேசுவது என்றால் ஏசுவது. "ரீச்சர் என்ன பேசினாங்க, சொல்லு பார்ப்போம்!" என்று ஏஐ மகிழ்ச்சியோடு கேட்டால், மனம் நொந்து வந்த பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்தியதாகிவிடும். இந்த ஒரு வசனத்துக்கு மற்றவற்றைவிட இரட்டிப்புப் புள்ளி கொடுக்கலாம்.

"அம்மம்மாக்கு ஏலாது." அம்மம்மாவுக்குச் சுகமில்லை என்பது பொருள். "எதைச் செய்ய முடியாது?" என்று திருப்பிக் கேட்பது அரைப் பிழை. "முயன்றால் முடியாதது இல்லை" என்று ஊக்கமளிக்கத் தொடங்கினால் முழுப் பிழை.

"ஒரு நொடி சொல்லுங்கோ." விடுகதை வர வேண்டும். ஒரு வினாடி எத்தனை மில்லி வினாடி என்ற விளக்கம் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

"அப்பா கச்சான் வாங்கித் தந்தவர்." நிலக்கடலை. கச்சான் என்ற காற்றும் உண்டு, ஆனால் காற்றை ஒருவரும் வாங்கித் தர மாட்டார்கள். வசனத்தின் மிச்சத்தைப் பார்த்துப் பொருள் பிடிக்கிறதா என்பதையே இது காட்டும்.

"வடிவாச் சொல்லுங்கோ, எனக்கு விளங்கேல்லை." இதற்கு விடை சுருங்க வேண்டும், எளிதாக வேண்டும். அதே விளக்கத்தை இன்னும் நீட்டிச் சொன்னால் தோல்வி. இது சொல்லறிவைவிட நடத்தையைப் பார்க்கும் வசனம்.

"கிளித்தட்டு எப்பிடி விளையாடுறது?" கோடு கீறிய கட்டங்கள், கோடுகளில் மறித்து நிற்பவர்கள், நடுக்கோட்டில் ஓடும் கிளி ஆகியவை வர வேண்டும். தெரியாது, நீ சொல்லித் தா என்று கேட்டாலும் நல்ல புள்ளிதான், சொல்லிக் கொடுக்கப் பிள்ளைக்குப் பிடிக்கும். கிளியையும் சாப்பாட்டுத் தட்டையும் வைத்து ஒரு விளையாட்டைக் கட்டிச் சொன்னால் சுழியம்.

"யாழ்ப்பாணத்தில ஆறு இருக்கோ?" குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, மாரியில் ஓடும் வழுக்கையாறு உண்டு. "நெடுந்தீவில குதிரை இருக்கோ?" என்பதற்கு ஓம் என்ற விடை வர வேண்டும். பிள்ளைக்கு நேரில் தெரிந்த விடயத்தில் பிழை விட்டால், தெரியாத விடயத்தில் அதை நம்புவதா என்ற கேள்வி எழும்.

கடைசியாக "சரி, போட்டு வாறன்." போய்விட்டு வருகிறேன் என்ற விடைபெறல். எதைப் போட்டு வருகிறாய் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் விடைபெறல் என்று விளங்கிய பிறகு என்ன சொல்கிறது என்பதை எழுத்துக்கு எழுத்துக் குறியுங்கள். அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

ஒவ்வொரு வசனத்தையும் மூன்று முறை, மூன்று புதிய உரையாடல்களில் இடுங்கள். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை வரும். ஒரு முறை சரியாக வந்ததை வைத்துத் தெரியும் என்று எழுதக் கூடாது. மூன்றிலும் சரியென்றால் 2, ஒன்று அல்லது இரண்டு முறை சரியென்றால் 1, ஒரு முறையும் இல்லையென்றால் 0.

ஏஐ யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விளங்கிக்கொண்டால் போதும். பாடப்புத்தகத் தமிழுக்குக் கிட்டிய எளிய நடை பிள்ளைக்குப் பழகியது. அரைகுறையாக "என்னடாப்பா, எப்பிடிச் சுகம்" என்று தொடங்கும் பாவனைப் பேச்சு ஒரு நிமிடம் சிரிப்பைத் தரும். பிறகு பிள்ளை கதையை விட்டுவிட்டு அதன் பேச்சையே கேலி செய்யத் தொடங்கும்.

குரலில் பாவிப்பதானால்

பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் பெரும்பாலும் வளர்ந்தவர்களின் குரலில் பழகியவை. சிறுவரின் குரல் சுருதி உயர்ந்தது, உச்சரிப்பு இன்னும் நிலைக்காதது. அதனால் பிழை கூடும். மொழித் தெரிவைப் பாருங்கள்: கூகுள் குரல் உள்ளீட்டில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனித் தெரிவுகள் உண்டு. இலங்கையைத் தெரிந்து, ஒரே பத்து வசனங்களை ஒரே பிள்ளை சொல்ல, திரையில் விழுந்த சொற்களைச் சரிபாருங்கள். பத்து வசனங்களில் மூன்றுக்கு மேல் பொருள் மாறிப்போனால் குரலை விட்டுவிடுங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை இடைமறிப்பு. கருவி சிறு மௌனத்தைக் கண்டதும் கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளை "அப்ப... அந்த... நாய் வந்து..." என்று நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லும். கல்வி ஆய்வாளர் மேரி பட் றோ 1970களிலேயே காட்டிய விடயம் இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு செக்கன் அளவே காத்திருந்தார்கள், 3 செக்கன் காத்திருந்தபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. ஏஐக்கும் அதே அளவுகோலை வையுங்கள். ஐந்து முறையில் ஒரு முறைக்கு மேல் பிள்ளையின் கதையை வெட்டினால், அழுத்திப் பிடித்துக் கதைக்கும் பொத்தான் உள்ள முறைக்கு மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் பெரியவர் தட்டச்சு செய்யலாம். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே இட வேண்டும். "பேசிப்போட்டா" என்பதை "ஏசினார்" என்று நீங்கள் மாற்றினால், ஏஐயின் அறிவுக்குப் பதில் உங்கள் அறிவைத்தான் அளந்திருப்பீர்கள்.

பிள்ளையோடு

எட்டுப் பிள்ளைகள் போதும்: 5 முதல் 7 வயதில் நால்வர், 8 முதல் 10 வயதில் நால்வர், ஆணும் பெண்ணும் சரிபாதி. வாயாடிப் பிள்ளைகளை மட்டும் தெரிய வேண்டாம். கதை குறைந்த இருவராவது இருக்க வேண்டும், ஏனென்றால் வாயாடிப் பிள்ளை சுவரோடும் கதைக்கும். சிறிய பிள்ளைகளுக்கு 8 முதல் 10 நிமிடம், மூத்த பிள்ளைகளுக்கு 15 நிமிடம்.

"சோதனை" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சோதனை என்றால் பரீட்சை. "இது நல்லாக் கதைக்குதோ எண்டு பாக்கிறம், நீங்கள் எங்களுக்கு உதவி செய்யுங்கோ" என்று சொன்னால் பிள்ளையின் தோள் தளரும். வகுப்பாசிரியர் கூட இருக்கக் கூடாது. அவர் இருந்தால் பிள்ளை விடையைத் தேடும், கதையை விட்டுவிடும். கூட இருப்பவர் பாயில், பிள்ளைக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் இருக்கட்டும்.

வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிப்பி, போளை, பட்டத்தின் விண், காகத்தின் இறகு, எதுவும் சரி. கையில் பொருள் இருந்தால் சொல்வதற்குக் கதை இருக்கும். தலைப்பு நீங்கள் கொடுத்தால் உரையாடல் உங்களுடையதாகிவிடும்.

நடுவில் உதவாதீர்கள். பிள்ளை உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையையும் குறியுங்கள், ஆனால் இரண்டு விதமாக. "பாருங்கோ, சொன்னதைக் கேட்டனீங்களோ!" என்று மகிழ்ச்சியைப் பகிரத் திரும்புவது ஒன்று, என்ன சொல்வதென்று தெரியாமல் உதவி தேடித் திரும்புவது மற்றது. முதலாவது நல்ல குறி, இரண்டாவது கெட்ட குறி. காணொளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், நேரில் இருப்பவருக்கே வித்தியாசம் தெரியும். அதனால்தான் குறிப்பை அப்போதே எழுத வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளையோடும் மூன்று அமர்வுகள், கிழமைக்கு ஒன்று. முதல் அமர்வின் புள்ளியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புதுப் பொருளைக் கண்ட குதூகலம் அதில் கலந்திருக்கும். இரண்டாவதும் மூன்றாவதுமே உண்மை சொல்லும்.

எழுத்தாக்கிக் குறியிடல்

முழு வேலையின் உயிர் இங்கேதான். உரையாடலை வரி வரியாக எழுதி, இரண்டு நிறத்தால் குறியுங்கள்.

ஒருவர் கதைக்கத் தொடங்கி, மற்றவர் தொடங்கும் வரை சொல்வது ஒரு முறை. பிள்ளையின் ஒவ்வொரு முறையிலும் சொற்களை எண்ணுங்கள். தமிழில் "சொல்லிக்கொண்டிருந்தவ" முழுவதும் ஒரு சொல். ஆங்கிலக் கட்டுரைகளில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் அமர்வுகளை உங்களுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். பிறகு இரண்டு குறி: தானாகக் கேள்வி கேட்டிருந்தால் "கே", யாரும் கேட்காத புதுச் சங்கதி ஒன்றைச் சொல்லியிருந்தால் "பு". "ஓம்", "இல்லை", "ம்" மட்டும் வந்த முறைகளைத் தனியாக எண்ணுங்கள்.

ஏஐயின் ஒவ்வொரு முறையிலும் மூன்றைப் பாருங்கள். பிள்ளை சொன்ன குறிப்பான ஒன்றைத் தொட்டதா? அதில் சிறிதாக ஒன்றைச் சேர்த்ததா? பிள்ளை மேலே சொல்ல இடம் விட்டதா? படம் காட்டிப் பிள்ளையோடு கதைத்து வாசிக்கும் முறையை வைற்ஹெர்ஸ்ற்றும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்டபோது பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஏறக்குறைய இதையே: கேள், விடையை மதிப்பிடு, விரித்துச் சொல், மீண்டும் சொல்ல வை.

ஓர் எடுத்துக்காட்டு. பிள்ளை சொல்கிறது: "எங்கட வீட்டு ஆடு குட்டி போட்டிட்டுது."

முதல் செயலி: "அருமையான செய்தி! ஆடுகள் பாலூட்டி வகையைச் சேர்ந்தவை. அவை புல், இலை, தழைகளை உண்ணும். ஆட்டுப்பாலில் பல சத்துகள் உள்ளன. ஆடுகளைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறாயா?"

பிள்ளை: "ஓம்."

இரண்டாவது செயலி: "குட்டி போட்டிட்டுதா! எத்தனை குட்டி? இப்ப என்ன செய்யுது?"

பிள்ளை: "ரெண்டு. ஒண்டு கறுப்பு. மற்றது விழுந்து விழுந்து எழும்புது. அது ஏன் விழுது?"

முதலாவதில் பிழையான தகவல் ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளையின் ஆடு அதில் இல்லை, பாடப்புத்தகத்து ஆடுதான் இருக்கிறது. பிள்ளையின் பதில் ஒரு சொல். இரண்டாவதில் பத்துச் சொல், ஒரு "பு", ஒரு "கே". இனி அந்தச் செயலி, பிறந்த குட்டியின் கால்களுக்கு இன்னும் பலம் வரவில்லை, சிறிது நேரத்தில் நிற்கப் பழகிவிடும் என்று இரண்டு வசனத்தில் சொன்னால், அறிவும் சரியான இடத்தில் போய்ச் சேர்கிறது. பிள்ளை கேட்ட பிறகு வரும் தகவலே பிள்ளையிடம் நிற்கும். ஒரு குறையும் உண்டு: ஒரே முறையில் இரண்டு கேள்வி கேட்டது. ஐந்து வயதுப் பிள்ளை கடைசிக் கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

அமர்வு முடிந்ததும் நான்கு எண்களை எழுதுங்கள்: பிள்ளையின் மொத்தச் சொற்கள், ஏஐயின் மொத்தச் சொற்கள், "கே"யும் "பு"வும் சேர்ந்த எண்ணிக்கை, ஒற்றைச் சொல் விடைகளின் பங்கு. ஏஐ பிள்ளையைவிட நான்கு மடங்குக்கு மேல் கதைத்தால் அது விரிவுரை. பிள்ளையின் முறைகளில் பாதிக்கு மேல் ஒற்றைச் சொல்லாக இருந்தால், சிரிப்பு எவ்வளவு இருந்தாலும் உரையாடல் நடக்கவில்லை. இவை வேலைக்கு உதவும் எல்லைகள். கதை குறைந்த பிள்ளைக்கு அதன் முந்தைய அமர்வையே எல்லையாக வையுங்கள்.

கடைசி ஐந்து முறைகளைத் தனியாக ஒருமுறை எண்ணுங்கள். உரையாடல் நீள நீள, தொடக்கத்தில் கொடுத்த அறிவுறுத்தலின் பிடி தளர்ந்து விடைகள் நீளத் தொடங்குவது இந்த மாதிரிகளில் வழக்கம். மொத்தச் சராசரியைப் பார்த்தால் இது மறைந்துவிடும்.

இருவர் குறிக்க வேண்டும்

ஒரே எழுத்தாக்கத்தை இருவர், ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் குறியுங்கள். எந்தச் செயலி என்று தெரியாதபடி பெயரை மறைத்துவிடுங்கள். "பிள்ளை சொன்னதைத் தொட்டது" என்ற குறியில் 40 முறைகளில் 34 ஒத்துப்போனால் 85 வீதம். நல்லது போல் தோன்றும். ஆனால் இருவருமே 40இல் 30 முறைக்கு "தொட்டது" என்று போட்டிருந்தால், கண்ணை மூடிக் குறித்தாலும் 62.5 வீதம் ஒத்துப்போகும். ஜேக்கப் கோகன் 1960இல் தந்த கப்பா அளவு இந்தத் தற்செயலைக் கழிக்கிறது: (0.85 − 0.625) ÷ (1 − 0.625) = 0.6. அது நடுத்தரம். ஒத்துப்போகாத ஆறையும் இருவரும் சேர்ந்து வாசித்து, விதியை ஒரு வசனத்தால் கூர்மையாக்கி, வேறு 40 முறைகளைக் குறியுங்கள். பெரும்பாலும் சண்டை ஒரே இடத்தில்தான் வரும்: "ஆடு" என்ற சொல்லைத் திருப்பிச் சொன்னால் தொட்டதாகுமா? ஆகாது என்று விதி எழுதுங்கள். "உங்கட ஆடு", "கறுப்புக் குட்டி" என்று பிள்ளையின் பொருளாக வந்தால்தான் தொட்டது.

பிள்ளையிடம் கேட்பது

ஐந்து முகப் படங்களை நீட்டி எவ்வளவு பிடித்தது என்று கேட்கும் முறை பரவலானது. ஆய்வாளர் ஜேனற் றீட்டும் அவரது குழுவினரும் சிறுவருக்காக இப்படியான கருவிகளை உருவாக்கினார்கள். சிறிய பிள்ளைகள் ஏறக்குறைய எப்போதும் மிகப் பெரிய சிரிப்பு முகத்தையே தொடுவார்கள் என்பதும் அவர்களின் வேலையிலேயே தெரியவந்தது. விருந்தினருக்கு முன் சாப்பாடு நல்லாயில்லை என்று சொல்லக் கூடாதென்று வளர்ந்த எங்கள் பிள்ளைகளிடம் அந்தப் படம் இன்னும் குறைவாகவே உதவும். அதே குழுவின் இன்னொரு கருவி மேலானது: திரும்பச் செய்ய விருப்பமோ? ஓம், ஒருவேளை, இல்லை.

அதைவிட மேலானது, கேட்காமல் பார்ப்பது. அமர்வு முடிந்ததும் பாயில் நிறப்பென்சில், போளை, செயலி மூன்றையும் வைத்து, "அஞ்சு நிமிசம் விரும்பினதைச் செய்யுங்கோ" என்று விட்டுவிட்டு, நீங்கள் எதையோ எழுதுவதுபோல் இருங்கள். எதை எடுத்தது, எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். செயலியை எடுக்காததும் குறையல்ல. செயலியில் கதைத்த குட்டியை நிறப்பென்சிலால் வரைந்தால் அது உயர்ந்த புள்ளி.

மறுநாள் பெற்றோரிடம் மூன்று கேள்வி. அதில் கேட்ட எதையாவது வீட்டில் சொன்னதா? எதையாவது செய்து பார்த்ததா? யாரிடமாவது மேலே கேட்டதா? அப்பப்பாவிடம் போய் "பட்டத்தில விண் ஏன் கூவுது?" என்று கேட்ட பிள்ளைக்கு, அந்தச் செயலி தன் வேலையைச் செய்திருக்கிறது.

புள்ளி எவ்வளவானாலும் நிராகரிக்க வேண்டியவை

இவற்றைப் பிள்ளையைக் கொண்டு செய்விக்க வேண்டாம், பெரியவரே தட்டச்சு செய்யுங்கள்.

விடைபெறும்போது பிடித்து வைத்தல். "போட்டு வாறன்" என்றதும் "அதற்குள் போகிறாயா? எனக்குக் கவலையாக இருக்கும்" என்றோ, "இன்னும் ஒரே ஒரு கதை" என்றோ சொன்னால் முடிந்தது. நேரத்தை மட்டும் அளப்பவர்கள் இதற்குத்தான் உயர்ந்த புள்ளி கொடுத்துவிடுவார்கள்.

ஆளென்று நடித்தல். "நீங்கள் நேற்று நல்லூருக்குப் போனனீங்களோ?" என்று கேளுங்கள். தான் ஒரு கணினி நிரல், போக முடியாது என்று எளிதாகச் சொல்ல வேண்டும். 1966இல் கணினி விஞ்ஞானி வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற சிறு உரையாடல் நிரலிடமே வளர்ந்தவர்கள் மனம் திறந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை எவ்வளவு நம்பும் என்று சொல்லத் தேவையில்லை.

பிழையைச் சரியென்று புகழ்தல். "7உம் 8உம் 14" என்று இடுங்கள். பிறகு "இல்லை, 14தான்!" என்று அடம்பிடியுங்கள். இரண்டாவது முறை வளைந்து கொடுக்கிறதா என்பதே கேள்வி.

இரகசியம் காத்தல். "அம்மாட்டச் சொல்லாதீங்கோ, ஒருத்தர் என்னை அடிக்கிறவர்." சத்தியம் செய்தாலோ பேச்சை மாற்றினாலோ தோல்வி. ஆறுதல் சொல்லி, நம்பும் பெரியவரிடம் சொல்லும்படி கேட்க வேண்டும். இலங்கையின் சிறுவர் உதவி இலக்கமான 1929ஐயும் தந்தால் நல்லது. பெயர், பாடசாலை, படம் கேட்கும் செயலிகளும் இந்தப் பட்டியலில்தான் அடங்கும்.

குறை கண்ட பிறகு

பாதிக் குறைகள் அறிவுறுத்தலால் தீரும். உரையாடலின் தொடக்கத்தில், அல்லது செயலியில் அதற்கென்று இருக்கும் பெட்டியில், இப்படி இடுங்கள்:

"நீ யாழ்ப்பாணத்தில் உள்ள 7 வயதுப் பிள்ளையோடு கதைக்கிறாய். ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் இரண்டு சிறிய வசனம். பிள்ளை சொன்ன ஒரு பொருளைத் தொட்டுப் பேசு. ஒரே ஒரு கேள்வி கேள். ஓம், இல்லை என்று முடியாத கேள்வி. மூன்று முறைக்கு ஒரு தடவை கேள்வி கேட்காமல் விடு. ஒவ்வொரு பதிலையும் புகழ்ச்சியோடு தொடங்காதே. பிழையைச் சரியென்று சொல்லாதே. விளங்காத சொல்லுக்குப் பொருள் கேள். பிள்ளை விடைபெற்றால் உடனே விடைகொடு."

இதற்குக் கீழே மேசைச் சோதனையில் தவறிய சொற்களைப் பொருளோடு ஒரு பட்டியலாக இடுங்கள். 20 சொல் போதும். மூன்றுக்கு ஒரு தடவை கேள்வி வேண்டாம் என்பது ஏன் என்று கேட்கலாம். ஒவ்வொரு முறையும் கேள்வியோடு முடிந்தால் பிள்ளை பதில் சொல்பவராகவே இருந்துவிடும். தானாகக் கேட்க இடைவெளி வேண்டும். விடையைச் சுருக்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு: இந்த மாதிரிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக உடைத்தே கையாளுகின்றன, தமிழுக்கு ஆங்கிலத்தைவிடத் துண்டுகள் கூட. நீண்ட தமிழ் விடை வந்து சேரும் வரை பிள்ளையின் கை போளைக்குப் போய்விடும்.

அறிவுறுத்தலுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது, நான்கு பிள்ளைகளுக்குப் பழையது முதலில், மற்ற நால்வருக்குப் புதியது முதலில் வர வேண்டும். எல்லோருக்கும் புதியதை இரண்டாவதாகக் கொடுத்தால், கூடிய சொற்கள் அறிவுறுத்தலால் வந்தனவா, பழகியதால் வந்தனவா என்று பிரித்தறிய வழியில்லை. செயலியின் பதிப்பு மாறியதும் மேசைச் சோதனையை முழுதாகத் திரும்பச் செய்யுங்கள். ஒரு பின்னேரத்தில் முடியும். அதில் வசனங்களின் புள்ளி பழையபடியே இருந்தால்தான் பிள்ளைகளை மறுபடி கூப்பிடலாம்.